பழைய மஸ்டாங் கூப்பே வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்

அறுபது வயதுக் காரைப் பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது பானெட்டைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்வதுதான். நானும் அதைத்தான் செய்தேன். 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் ஒரே சாவியில் பிடித்தது. சைலன்ஸர் உறுமிய உறுமலில் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போனது. அந்த என்ஜினைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்தில் அதற்கு நான் செலவழித்தது அறுநூறு டாலர்கூட இருக்காது. முன் கண்ணாடிக்குக் கீழே, வெளியில் தெரியாத ஒரு தகரப் பெட்டிக்குச் செலவழித்தது ஐயாயிரத்துச் சொச்சம்.

இங்கே சொல்வது முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் கூப்பேயின் ஆரம்ப மாடல்கள் பற்றி: 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் ஆரம்ப விலையில் அறிமுகமாகி, 1966 மாடல் வரை வந்தவை. 1966 மாடலில் மட்டும் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூப்பேக்கள் செய்தார்கள். அதே வருடம், கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் 36,000-ஐக்கூடத் தொடவில்லை. கூப்பே இன்றும் சம்பளக்காரர் கைக்கு எட்டுவதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். ஓடுகிற நிலையில் உள்ள சுமாரான வண்டி இருபதாயிரம் டாலர் அக்கம்பக்கத்தில் கிடைக்கும். உதிரிபாகமும் ஏறக்குறைய எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கீழே வரும் விலைகள் நான் கொடுத்தவையும் அமெரிக்கக் கடைகளில் கேட்டறிந்தவையும். கூலியை மணிக்கு 100 முதல் 150 டாலர் என்று வைத்திருக்கிறேன். கடலோரப் பெருநகரங்களில் இதைவிடக் கூடும்.

முதல் வேலை: எண்ணைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவின் பின் விளிம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதே எண் பானெட்டுக்குள், ஓட்டுநர் பக்க உள்மட்கார்டின் மேல்விளிம்பில் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கதவை யாரும் மாற்றியிருக்கலாம், ஆகவே குத்தின எண்ணை நம்புங்கள்.

என்னுடையது 6டி07சி என்று தொடங்கும். 6 என்றால் 1966. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டச்சன். பெயர்தான் மெட்டச்சன். ஆலை இருந்தது நியூ ஜெர்சி எடிசனில், ரூட் 1 சாலையில். 2004-ல் மூடினார்கள். இட்லி அரிசி வாங்க எடிசனுக்கு வந்து போகிற நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சான் ஹோசே ஆலையும் அப்படித்தான், உண்மையில் அது மில்பிடாஸில் இருந்தது. அந்தக் கட்டடம்தான் இப்போது கிரேட் மால்.

07 என்றால் கூப்பே. அதற்கடுத்த எழுத்து என்ஜின். டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். சி என்றால் 289 வி8, இரட்டைக் குழல் கார்புரேட்டர். ஏ என்றால் அதே என்ஜினுக்கு நான்கு குழல், 225 குதிரைத்திறன். கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அபூர்வ வண்டி. அதை இந்த விலைக்கு யாராவது தருவதாகச் சொன்னால் எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.

எண்ணில் என்ஜினுக்கான எழுத்து டி-யாக இருந்து, பானெட்டுக்குள் வி8 உட்கார்ந்திருந்தால் சக்கரத்தைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஒரு சக்கரத்துக்கு நான்கு நட்டு, வி8 வண்டிக்கு ஐந்து. என்ஜினை மட்டும் மாற்றிவிட்டு, சின்ன பிரேக்கையும் சின்ன பின் ஆக்சிலையும் அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர். அதைச் சரிசெய்ய இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் டாலர் வரை ஆகும்.

1964 ஆகஸ்டுக்கு முன் செய்த வண்டிகளில் ஆல்டர்நேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அவற்றின் வி8-ல் கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட்டுகளும் ஆறுக்குப் பதில் ஐந்து. சேகரிப்பவர்களுக்கு இனிக்கும். முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு ஸ்பேர் தேடியே ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

இரண்டாவது: தண்ணீர் ஊற்றுங்கள்

முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில், காற்று உள்ளே போக வெட்டிய நீளத் துளைகள் தெரியும். அதற்குக் கீழே வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு தகரப் பெட்டி ஓடுகிறது. அமெரிக்கர்கள் இதைக் கவுல் என்பார்கள். மழைத்தண்ணீர் அந்தத் துளைகள் வழியே பெட்டிக்குள் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் வழிந்து, முன் மட்கார்டுக்குப் பின்னால் இறங்கிவிட வேண்டும். வடிவமைப்பு அப்படித்தான். பெட்டியின் அடித்தகட்டில் காற்று காருக்குள் போக இடதும் வலதுமாக இரண்டு வட்ட ஓட்டைகள் உண்டு. தண்ணீர் இறங்காமலிருக்க அவற்றைச் சுற்றித் தொப்பி போல விளிம்பை எழுப்பியிருப்பார்கள்.

இந்தப் பெட்டிக்குள் ஆலையிலேயே பெயிண்ட் சரியாகப் போகவில்லை. அறுபது வருட இலைதழை உள்ளே விழுந்து மக்கி, அந்தத் தொப்பியைச் சுற்றி ஈரச் சகதியாகத் தேங்கும். விளிம்பு அரித்துப் போனதும் தண்ணீர் நேராக உங்கள் காலடியில். அங்கிருந்து கம்பளத்துக்கு, கம்பளத்துக்கு அடியில் உள்ள தரைத் தகட்டுக்கு. ஆக, தரை ஓட்டையான வண்டி எதைப் பார்த்தாலும் மேலே கவுலும் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். தரையை மட்டும் மாற்றிப் புதுக் கம்பளம் விரித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம்தான் நான் வாங்கினேன்.

முதல் மழையில் வலது காலடி நனைந்தது. காட்டிய பட்டறையில் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்றார்கள். 400 டாலர் கொடுத்து மாற்றினேன். அடுத்த மழையிலும் நனைந்தது. ஹீட்டர் ஒழுகினால் வருவது கூலன்ட், பச்சையாகவோ மஞ்சளாகவோ பிசுபிசுவென்று இருக்கும், வண்டி மழையில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு வந்தது தெளிந்த மழைத்தண்ணீர். விரலை நனைத்துப் பார்த்திருந்தால் போதும், அந்தப் பட்டறைக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சோதனை செய்யும் முறை இது. விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், "தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா?" என்று. தயங்கினால் அதுவே பாதிப் பதில். இரண்டு பக்கமும் முன் கம்பளத்தைத் தூக்குங்கள். கூட வந்தவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கவுல் துளைகளில் முதலில் வலது ஓரத்தில், பிறகு இடது ஓரத்தில், மெதுவாக அரை வாளி ஊற்றுங்கள். தண்ணீர் கதவுக்கு முன்னால் தரையில் இறங்கினால் நல்லது. உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் கவுல் போய்விட்டது. வெளியிலும் வராமல் உள்ளேயும் வராமல் நின்றால் குப்பை அடைத்திருக்கிறது, விழப்போகும் நாள்தான் பாக்கி.

பழுது பார்ப்பது ஏன் இவ்வளவு ஆகிறது? மேல்தகடும் அடித்தகடும் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளி வெல்டிங்கால் ஒட்டப்பட்டவை. பானெட், மட்கார்டுகள், முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு புள்ளியையும் துரப்பணத்தால் துளைத்துப் பிரித்து, புதுத் தகடு வைத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். தகடுகள் 300 முதல் 600 டாலர்தான். கூலி முப்பது, நாற்பது மணி நேரம். பெயிண்டோடு சேர்த்து நாலாயிரத்துக்குக் கீழே முடித்துக் கொடுத்த பட்டறையை நான் பார்க்கவில்லை. நூறு டாலருக்குள் பிளாஸ்டிக் மூடிகள் விற்கிறார்கள், உள்ளிருந்தபடி ஒட்டிக்கொள்ளலாம். மழையில் எடுக்காத வண்டிக்கு அது ஓரிரு வருடம் ஓடும்.

மூன்றாவது: காந்தமும் முதுகும்

இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் (சேஸி) கிடையாது. தகர உடல்தான் அடிச்சட்டம். லாரி மாதிரி, ஜீப் மாதிரி, உடல் போனாலும் அடிச்சட்டம் தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

மெல்லிய துணியில் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றி எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, முன் மட்கார்டின் கீழ்முனை, கதவுகளின் அடி ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். விரல் நீளப் பட்டி சகஜம். கை அகலத்துக்கு இருந்தால் உள்ளே தகரம் இல்லை. பின் பக்கத் தகடு ஒரு பக்கத்துக்கு பெயிண்டோடு 1,500 முதல் 2,500 டாலர்.

அப்புறம் கீழே படுங்கள், வண்டியைத் தாங்கு கட்டையில் நிறுத்திவிட்டுத்தான், ஜாக்கியை மட்டும் நம்பி வேண்டாம். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தண்டுகளை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். "டங்" என்றால் இரும்பு, "பொத்" என்றால் துரு. அடி முழுக்கப் புதுக் கறுப்புத் தார்ப்பூச்சு மின்னினால் சந்தேகப்படுங்கள், விற்கிற வாரத்தில் யாரும் காரணமில்லாமல் அடிவயிற்றுக்கு அலங்காரம் செய்வதில்லை. தரைத் தகடு ஒன்று 100 முதல் 200 டாலர், வெல்டிங்கோடு ஒரு பக்கத்துக்கு ஆயிரம் பக்கம் வரும். பெட்டித் தண்டு போயிருந்தால் வாங்காதீர்கள். திறமையான வெல்டர்களுக்கான வண்டி அது.

பானெட்டைத் திறந்தால் வலது முன்மூலையில் பாட்டரி. ஆசிட் சிந்தி அதன் கீழ்த்தகடு அரித்திருக்கும், இது எல்லா வண்டியிலும் உண்டு, 200 டாலர் வேலை. பயப்பட வேண்டாம், பேரம் பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியைத் திறந்து தரையைப் பாருங்கள். நீங்கள் பார்ப்பது பெட்ரோல் டேங்கின் மேல்தகடு. ஆமாம், டேங்கே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் அட்டைதான். பின்னாலிருந்து பலமாக இடித்தால் பெட்ரோல் உள்ளே வர வழியுண்டு. வாங்கிய முதல் மாதத்தில் சீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு அடித்துக்கொள்ளுங்கள், கூலியோடு 200 டாலருக்குள் முடியும். உள்ளே துரு பிடித்த டேங்க் என்றால் புதிது 150 முதல் 250 டாலர், நாமே மாற்றலாம்.

நான்காவது: பிரேக், இதில் பேரமே வேண்டாம்

1966 வரை வந்த மஸ்டாங்குகளில், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கோ ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கிழிந்தாலும், ஒரு குழாய் அரித்தாலும், மிதி தரை வரைக்கும் போகும், நான்கு சக்கரமும் கைவிடும். 1967 மாடலில்தான் ஃபோர்டு இரட்டை அறைக்கு மாறியது.

பார்க்கப் போன இடத்தில், என்ஜின் ஓடாமல், மிதியை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். இறங்காவிட்டாலும் வாங்கிய கையோடு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பாகங்கள் 150 முதல் 300, கூலி மூன்று நான்கு மணி நேரம். கூடவே மூன்று ரப்பர் குழாய்களும்.

டிஸ்க் பிரேக் போடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துவார்கள். முன்சக்கர டிஸ்க் கிட் 700 முதல் 1,500 டாலர். நெடுஞ்சாலையில் தினமும் போனால் போடலாம். ஞாயிறு காலை காபிக்குப் போய்வர வி8 வண்டியின் 10 அங்குல டிரம்மே, ஒழுங்காகச் செட் செய்தால் போதும் என்பது என் கட்சி. ஆறு சிலிண்டரின் 9 அங்குல டிரம்முக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது: முன் சக்கரங்கள்

இந்த வண்டியில் சுருள் ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையின் (அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்) மீது உட்காரும். அதன் பாரம் முழுவதையும் என்ஜினின் இரு பக்கமும் நிற்கும் தகரக் கோபுரங்கள் தாங்குகின்றன. மேல் கையின் போல்ட்டுகளைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு விரிசலை வெல்டிங் செய்து, கோபுரங்களை முன்கண்ணாடிச் சுவரோடு கட்டும் ஒற்றைத் தகட்டுப் பட்டையைப் போட்டுவிடலாம், பட்டை நூறு டாலருக்குள். கோபுரமே உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும்.

வேகத்தடையில் ஏறும்போது பழைய கட்டில் போலக் கிரீச்சிட்டால் மேல் கையின் புஷ்களில் கிரீஸ் இல்லை. ஆலையில் அங்கே வைத்தது கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இல்லை, மூடி. அதைக் கழற்றிக் கிரீஸ் துப்பாக்கியை நுழைக்க இடமும் கிடையாது, எனவே அறுபது வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, புஷ் எல்லாம் சேர்ந்த முழு கிட் 400 முதல் 800. கூலி பத்து மணி நேரத்துக்கு மேல். மற்ற வேலைகளை வீட்டிலேயே செய்து பழகுங்கள், இந்த ஸ்பிரிங்கை மட்டும் முதல் முறை தனியாகக் கழற்றாதீர்கள். அதற்கென்று உள்ள அமுக்கியைச் சரியாக மாட்டாவிட்டால் ஸ்பிரிங் தெறித்து ஆளை முடித்துவிடும்.

பவர் ஸ்டீயரிங் இருந்தால் கட்டாயம் ஆயில் ஒழுகும். கன்ட்ரோல் வால்வைப் புதுப்பிக்க 150 முதல் 300. பலர் வெறுத்துப்போய்க் கழற்றி எறிகிறார்கள்.

ஆறாவது: இனி என்ஜின்

குளிர்ந்த என்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சுட்டால், ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். முதல் உறுமலில் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றால் வால்வு சீல், ஓட்டும்போதும் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். 289-ஐ முழுதாகப் பிரித்துக் கட்ட நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம். அந்த நிலைக்கு வந்த வண்டி குறைவு. கட்டி இரும்பில் வார்த்த, எளிய என்ஜின் இது.

பெரும்பாலும் வருவது சில்லறைத் தொல்லைகள்தான். ஆயில் ஒழுகல் முதலில்: வால்வு மூடியின் கேஸ்கெட் என்றால் 30 டாலர், பின்பக்கக் கிராங்க் சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 600 முதல் 1,000. பின்பக்கத்திலிருந்து சொட்டினாலே கிராங்க் சீல் என்று சொல்வார்கள். மேலே மூடியிலிருந்து வழிந்து பின்னால் வந்து சொட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிக்னலில் நின்றால் சூடேறுகிறதா? ரேடியேட்டர் அடைத்திருக்கும், புதிது 250 முதல் 400. டெல்கோவுக்குள் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) மின்சாரத்தை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட் தேய்ந்திருந்தால் இடைவெளியை 289-க்கு 0.017 அங்குலம், ஆறு சிலிண்டருக்கு 0.025 என்று வையுங்கள். பாயிண்ட்டே வேண்டாமென்றால் எலக்ட்ரானிக் கிட் 100 முதல் 150, ஒரு மணி நேர வேலை. கார்புரேட்டருக்கு கிட் 50 டாலர்.

ஆறு சிலிண்டர்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த வருடங்களின் டெல்கோவில் எடைக்கட்டிகள் இல்லை, கார்புரேட்டரின் வெற்றிட சமிக்ஞையை மட்டுமே வைத்து இக்னிஷனை முன்னகர்த்தும். அதற்கென்றே செய்த ஆட்டோலைட் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டால் டெல்கோ ஊமையாகிவிடும். வண்டி ஓடும், ஆனால் மேட்டில் இழுக்காது. எந்த மெக்கானிக்கும் என்ஜினைக் குற்றம் சொல்வார். உண்மையான மருந்து 1968 முதல் வந்த வகை டெல்கோ, 150 முதல் 400.

இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்து உருக்கும். வாங்கிய வாரமே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் துண்டுகளை மாற்றுங்கள். நாற்பது டாலர் கணக்கு. தீப்பிடித்த பழைய காரின் கதையில் பெரும்பாலும் இந்தத் துண்டுதான் வில்லன். ஆயில் ஊற்றும்போது துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள, பழைய என்ஜினுக்கான வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் கேம் ஷாஃப்ட் தேயும்.

கியர்பாக்ஸ், ஒயரிங்

சி4 ஆட்டோமேட்டிக் உழைப்பாளி. பின்னால் வெள்ளைப் புகை மண்டலமாக வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று யாராவது ஆயிரங்களில் கணக்குச் சொல்வார்கள். கியர்பாக்ஸின் பக்கத்தில் வெற்றிடக் குழாய் மாட்டிய மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவைக் கழற்றுங்கள். குழாய்க்குள் சிவப்பு ஆயில் இருந்தால் அதன் சவ்வு கிழிந்து என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. 30 டாலரில் வேலை முடிந்தது. உண்மையாகவே கியர் வழுக்கினால் முழுப் புதுப்பிப்பு 1,500 முதல் 2,500.

ஒயரிங்கில் இரண்டு அறிகுறிகள் தெரிந்தால் போதும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் செத்தால் டேங்கைக் கழற்றாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சின்னப் பெட்டி மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது, 40 டாலர். இரவில் ஹெட்லைட் தானே அணைந்து தானே எரிந்தால் சுவிட்சுக்குள் இருக்கும் பாதுகாப்புத் துண்டு சூடேறி வெட்டுகிறது. ஹெட்லைட்டுக்கான முழு மின்சாரமும் அந்தச் சுவிட்ச் வழியே போவதுதான் காரணம். 50 டாலர் ரிலே போட்டால் நிற்கும். டேப் சுற்றிய ஒட்டுகள் கைக்குக் கை தட்டுப்பட்டால் முழு ஒயரிங் மாற்ற 600 முதல் 900, கூலி தனி.

விலை பேசும்போது

வாளியும் டார்ச்சும் காந்தமும் எடுத்துப் போய் ஒரு மணி நேரம் செலவழித்தீர்கள் என்றால் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் என்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக் கணக்குக் கூட்டினால் அடங்கும். தகரத்தை மறுபக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கம் பட்டறைக்காரர் சொல்லும் தொகையோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் உண்மையான ஓட்டை தெரியும். என் கவுலுக்கு முதலில் சொன்னது 3,500.

கவுல் சோதனையில் தண்ணீர் உள்ளே விழுந்தால், நனைந்த தரையை விற்பவருக்கே காட்டிவிட்டு, நாலாயிரம் குறைத்துக் கேளுங்கள். மறுத்தால் கம்பளத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த தெருவில் இல்லாவிட்டாலும் அடுத்த மாநிலத்தில் இன்னொன்று இருக்கும். ஐந்து லட்சம் செய்தார்கள்.